இடப்பக்கக் கீழ்மூலை

பிப்ரவரி 1, ஞாயிறு

தைப்பூசம். ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போகவில்லை. எனக்கு நினைவு தெரிந்து அம்மா பால்குடம் எடுக்காத முதல் வருஷம்.

வார்டில் புது நர்ஸ் ஒருத்தி அம்மாவிடம் கான்டனீஸில் ஏதோ கேட்டாள். அம்மா என் பக்கம் திரும்பி, "என்னாடி சொல்லுது இந்தப் பிள்ளை?" என்றாள். நர்ஸ் தலைமாட்டில் எழுதியிருந்த தமிழ்ப் பெயரையும் அம்மாவின் சீன முகத்தில் இருந்த மூக்குத்தியையும் மாறி மாறிப் பார்த்தாள். எப்போதும் நடப்பதுதான். எப்போதும் சிரிப்போம். இன்று இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

அம்மாவின் பழைய காகிதங்களைத் தேடி ராத்திரி பாட்டியின் தகரப் பெட்டியைக் கவிழ்த்தேன். அடியில் சுருக்குப் பை. பைக்குள் நாலாக மடித்த சிவப்புக் காகிதம்.

பிப்ரவரி 2, திங்கள்

நாலு வரிசை, மேலிருந்து கீழாக. ஒவ்வொன்றிலும் இரண்டு எழுத்து. மொத்தம் எட்டு இருக்க வேண்டும், ஏழுதான் இருக்கிறது. இடப்பக்கக் கீழ்மூலையைப் பூச்சி தின்றுவிட்டது. மிச்சத்தில் மஞ்சள் கறை. பாட்டி இதையும் குங்குமத்தோடு சேர்த்தே வைத்திருக்கிறாள்.

கீழ்வரிசையில் ஒரே எழுத்து மூன்று தடவை. கூரைக்குக் கீழே ஒருவன் காலை அகட்டி நிற்கிற மாதிரி. இதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

பிப்ரவரி 4, புதன்

மருந்துக்கடைக் கிழவரிடம் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டு, காகிதத்தைத் தொடாமலே படித்தார். "பாட்ஸி. எட்டெழுத்து. யாருடையது?" தெரிந்தவர்களுடையது என்றேன். ஏன் பொய் சொன்னேன் என்று தெரியவில்லை.

வலப்பக்கத்திலிருந்து படிக்க வேண்டுமாம். வருஷம், மாசம், நாள், நேரம். நாலும் நாலு தூண். தூணுக்கு மேலே உள்ளது வானத்தின் தண்டு, அது 10 வகை. கீழே உள்ளது மண்ணின் கிளை, அது 12 வகை. எலி, மாடு, புலி என்று எல்லாரும் சொல்கிற மிருகங்கள் இந்தப் பன்னிரண்டுதான். தண்டும் கிளையும் ஜோடி சேர்ந்து சுற்றினால் 60 ஜோடியில் திரும்ப முதலுக்கு வரும். நம் பிரபவ முதல் அட்சய வரை மாதிரியே, ஆனால் இங்கே வருஷத்துக்கு மட்டும் இல்லை. மாசம், நாள், நேரம் எல்லாமே அறுபதில் சுற்றுகின்றன.

கூரை வீட்டுக்காரன் யார் என்று கேட்டேன். "யின். புலி. மூணு புலி." பிறகு மலாயில் மெதுவாக, "பொம்பளைப் பிள்ளையா?"

நான் தலையாட்டினேன். அவர் காகிதத்தை என் பக்கம் தள்ளி வைத்தார்.

கடையில் அவர் ஒருத்தர்தான். மகள் பேங்க்கில் காசு போட வரிசையில் நிற்கிறாளாம். இன்று லீச்சுன், வசந்தத்தின் முதல் நாள், இன்று போட்டால் பெருகுமாம். ஜாதகக் கணக்கில் வருஷம் மாறுவதும் இன்றுதான். சீனப் புத்தாண்டு 17ஆம் தேதி, அது சந்திரக் கணக்கு. எட்டெழுத்துக்கு சூரியக் கணக்கு. "ஆளுங்க ரெண்டையும் குழப்பிக்குவாங்க."

பிப்ரவரி 5, வியாழன்

ராத்திரி 2 மணி. கண்டுபிடித்துவிட்டேன்.

முதல் தூண் கெங்-யின், உலோகப் புலி. 1890, 1950, 2010. அம்மாவுக்கு 1950தான் ஆகும். இரண்டாவது வூ-யின், புலி மாசம். அந்த வருஷம் பிப்ரவரி 4இலிருந்து மார்ச் முதல் வாரம் வரை. மூன்றாவதும் வூ-யின். 60 நாளுக்கு ஒருமுறை வருகிற ஜோடி. அந்த ஒரு மாசத்துக்குள் ஒரே ஒரு நாள்தான் பொருந்துகிறது: 1950 பிப்ரவரி 12.

ஐசியில், அதாவது அடையாள அட்டையில், மே 14 இருக்கிறது. அது தோட்டத்துக் கணக்கர், கிராணி ஆபீசில் யாரோ எழுதிக்கொடுத்த தேதி. 76 வருஷமாக அந்த மே 14க்குத்தான் அம்மாவுக்குப் பாயசம்.

பிப்ரவரி 6, வெள்ளி

1950இல் சீனப் புத்தாண்டு எப்போது என்று பார்த்தேன். பிப்ரவரி 17. இந்த வருஷம் மாதிரியே.

அப்படியென்றால் 12ஆம் தேதி பிறந்த பிள்ளை, ஊர்க் கணக்கில் இன்னும் மாடு. ஜாதகக்காரன் கணக்கில் புலி. "புலி வருஷத்துப் பொம்பளைப் பிள்ளை ஆகாதுன்னு குடுத்துட்டாங்க" என்று பாட்டி சொன்னது எத்தனை தடவை! பெற்றவன் அந்தக் காகிதத்தை எழுதி வாங்காமல் இருந்திருந்தால்? ஐந்து நாள். மாடு என்று நினைத்து வைத்துக்கொண்டிருப்பான்.

அப்புறம் நான் எங்கே இருந்திருப்பேன். சரி, விடு.

பிப்ரவரி 7, சனி

ரிசல்ட் இன்னும் வரவில்லை.

என் ஜாதகத்தைப் போட்டுப் பார்த்தேன். 1979, காலை 7.10. செயலி டிராகன் நேரம் என்கிறது, 7 முதல் 9. சந்தேகம் வந்து தோண்டினேன். 1982 ஜனவரி 1இல் இங்கே கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளினார்கள். டிசம்பர் 31 ராத்திரி 11.30 நேராக 12 ஆனது. அதற்கு முன்னால் இருந்த நேரமும் ஈப்போ வெயிலுக்குச் சரியில்லை, சுமார் 46 நிமிஷம் முந்தி ஓடியது. வெயில் கணக்கில் நான் பிறந்தது 6.24. டிராகன் இல்லை, முயல். 46 வருஷம் வேறு மிருகமாக இருந்திருக்கிறேன் போல.

இப்போது கடிகாரம் 76 நிமிஷம் முந்தி ஓடுகிறது. வார்டில் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கழித்துக்கொள்கிறது.

பிப்ரவரி 8, ஞாயிறு

அண்ணன் சிங்கப்பூரிலிருந்து பேசினான். "நீ கணக்குப்பிள்ளையா ஜோசியக்காரியா?" போனை வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

தின்றுபோன மூலையைப் பற்றி.

நாலாவது தூணில் மேல் எழுத்து மட்டும் இருக்கிறது. ஒரு வயல் கட்டம், அதிலிருந்து கீழே நீளும் ஒற்றைக்கால். முதலில் குரங்கு எழுத்து என்று நினைத்தேன், கிட்டத்தட்ட அதே உருவம். ஆனால் குரங்கு கிளை. கிளை மேலே உட்காராது. அப்படியானால் இது ஜியா. பெரிய மரம்.

நேரத்தின் தண்டு தனியாக வராது, நாளின் தண்டைப் பிடித்துக்கொண்டே வரும். வூ நாளில் நள்ளிரவு எலி நேரத்துக்கு ரென், அடுத்த மாட்டுக்குக் குய், அடுத்து ஜியா. 12 நேரத்தில் ஜியா ஒரே ஒரு தடவைதான் வருகிறது. விடியற்காலை 3 முதல் 5.

புலி.

பூச்சி தின்றது நாலாவது புலியை. இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். ஆபீசில் ஒரு சென் உதைத்தால் எப்படித் தேடுவேனோ அப்படி. உதைக்கவில்லை.

தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டுக்கு, வேலைக்குப் பெயர் கூப்பிடுவதற்கு, முன்னால் பிறந்திருக்கிறாள் அம்மா. கம்யூனிஸ்ட் சண்டை நடந்த அவசரகாலம் வேறு. அந்த இருட்டில் மருத்துவச்சியை எப்படிக் கூட்டி வந்தார்கள்?

பிப்ரவரி 12, வியாழன்

பாயசம் வைத்து ஃபிளாஸ்க்கில் கொண்டுபோனேன். "இன்னைக்கி என்னா?" என்றாள். சும்மா என்றேன். மூன்று ஸ்பூன் குடித்தாள்.

சித்தியிடம் மட்டும் தேதியைச் சொன்னேன். உடனே, "அப்போ நட்சத்திரம் பாக்கலாமே?" அம்மாவுக்கு ஜாதகமே கிடையாது. பெயர்ப் பொருத்தம் பார்த்துத்தான் கல்யாணம் நடந்தது. தேதியும் நேரமும் இருக்கிறது, ஊரும் தெரியும், பஞ்சாங்கத்தில் ஐந்து நிமிஷ வேலை. பார்க்கவில்லை. ஒரு ஜாதகம் போதும். தமிழ் வருஷம் மட்டும் தெரியாமல் கண்ணில் பட்டுவிட்டது. விரோதி வருஷம். நல்லா வெச்சாங்க பேரு.

பிப்ரவரி 13, வெள்ளி

ரிசல்ட் வந்துவிட்டது. எழுத முடியவில்லை. அறுவை 27ஆம் தேதி.

பிப்ரவரி 14, சனி

ஆஸ்பத்திரிக்கு எதிரே கோப்பிக் கடையில் சிவப்பு எண் போட்ட சீன காலண்டர். 27ஆம் தேதிக் கட்டத்தில் பொடி எழுத்தில் என் கூரை வீட்டுக்காரன் நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் இன்னொரு எழுத்து. கடைக்காரப் பெண்ணிடம் கேட்டேன். "மோதல். அன்னிக்குப் புலிக்காரங்களுக்கு ஆகாது, ஆன்ட்டி."

குரங்கு நாள். புலிக்கு நேர் எதிரே குரங்கு. எலிக்குக் குதிரை, மாட்டுக்கு ஆடு, முயலுக்குச் சேவல், டிராகனுக்கு நாய், பாம்புக்குப் பன்றி. கடிகாரத்தில் 12க்கு எதிரே 6 இருப்பது போல.

போன மாசம் இதே கட்டத்தைப் பார்த்திருந்தால் பொடிக் கோடுகள், அவ்வளவுதான். கோப்பியைக் குடித்துவிட்டுப் போயிருப்பேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

இன்றும் குரங்கு நாள்தான். 3ஆம் தேதியும். 12 நாளுக்கு ஒரு தடவை வருகிறது. 76 வருஷத்தில் 2,300 தடவைக்கு மேல் அம்மா குரங்கோடு மோதியிருக்கிறாள். அதில் எத்தனை நாள் பால்மரம் வெட்டினாள், எத்தனை நாள் எங்களுக்குத் தோசை சுட்டாள்.

கணக்கு ஆறுதல் தருகிறது. ஒரு மணி நேரத்துக்கு.

பிப்ரவரி 16, திங்கள்

தேதியை மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேட்டேவிட்டேன். ஏன் என்றார். வாயில் வார்த்தை வரவில்லை. "அண்ணன் வரணும்" என்றேன். இந்தத் தேதி விட்டால் மார்ச் கடைசி என்றார். வேண்டாம் என்றேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

ராத்திரி முழுக்க வெடி. குதிரை வருஷம். அம்மா பிறந்தது இந்த நாளுக்கு ஐந்து நாள் முன்னால்.

பிப்ரவரி 20, வெள்ளி

இன்று மருந்துக்கடை திறந்தது. கிழவருக்கு இரண்டு ஆரஞ்சு கொண்டுபோனேன். "உங்க அம்மாதானே?" என்றார் எடுத்த எடுப்பிலேயே. ஊரில் எத்தனை தமிழ் வீட்டில் சீனப் பிள்ளைகள் வளர்ந்தார்கள் என்று அவருக்குத் தெரியாதா.

நாளின் மேல் எழுத்துதான் ஆள். அம்மா வூ. மண், அதுவும் மலை மண். ஒவ்வொரு பூதத்திலும் இரண்டு வகை: ஜியா பெரிய மரம், யி கொடி, பிங் சூரியன், டிங் விளக்கு, வூ மலை, ஜி வயல், கெங் கோடரி, ஸின் நகை, ரென் கடல், குய் மழை. நம் பஞ்சபூதத்தில் இருக்கிற காற்றும் ஆகாயமும் இதில் கிடையாது, மரமும் உலோகமும் அந்த இடத்தில். மரம் நெருப்பைப் பெறும், நெருப்பு மண்ணை, மண் உலோகத்தை, உலோகம் நீரை, நீர் மரத்தை. அடக்குவது ஒன்று விட்டு ஒன்று: மரம் மண்ணைத் துளைக்கும், மண் நீரை அணைகட்டும்.

புலி மரம். அம்மாவின் மலையை நாலு பக்கமும் வேர் துளைக்கிறது. தலையில் இன்னொரு பெரிய மரம். பிள்ளையைக் கொடுத்ததற்கு அவர்களுக்கு இது போதுமானதாக இருந்திருக்கிறது.

"அவ்வளவுதானா?" என்றேன்.

"புலிக்குள்ளே பாரு" என்றார். கிளைக்குள் தண்டுகள் ஒளிந்திருக்குமாம். புலிக்குள் மூன்று: ஜியா, வூ, நடுவில் பிங். மரம் நேரே மண்ணைத் துளைத்தால் கெடுதல். நடுவில் நெருப்பு இருந்தால் மரம் நெருப்பை வளர்க்கும், நெருப்பு மண்ணை வளர்க்கும். தன்னைப் பெறுகிற பூதம் தாய். வூவுக்கு டிங் பெற்ற தாய். பிங் மற்ற தாய்.

"மற்ற தாய்னா?"

"பெறாத அம்மா. எடுத்து வளர்க்கிறவ." காகிதத்தில் மூன்று புலியையும் தொட்டுவிட்டு, கிழிந்த மூலையையும் தொட்டார். "நாலு பேர் இருக்காங்க. பெத்தவ ஒருத்திகூட இல்லை."

பெட்டிக்குள் மஞ்சள் வாசனை. ஆரஞ்சை அவர் கையில் கொடுத்தேனா, மேசையில் வைத்தேனா, ஞாபகமில்லை.

பிப்ரவரி 21, சனி

நேற்று எழுதியதை நம்பாதே. நாலு எழுத்துக்குள் மூன்று எழுத்து ஒளித்து வைத்தால் எதை வேண்டுமானாலும் எடுத்துக் காட்டலாம். கதையைத் தெரிந்துகொண்டுதான் அவர் படித்தார்.

பிப்ரவரி 23, திங்கள்

இருந்தாலும் ஆயுளைப் பத்துப் பத்து வருஷமாகப் பிரிக்கிற தூண்களையும் போட்டேன். வருஷத் தண்டு ஆண் வகை, ஆள் பெண், அதனால் பின்னோக்கி எண்ண வேண்டும். லீச்சுன் வரை ஏழரை நாள். மூன்று நாளுக்கு ஒரு வருஷம். இரண்டரை வயதில் முதல் தூண் தொடங்குகிறது: டிங்-மாடு. பெற்ற தாய். இரண்டரை வயதில் எங்கிருந்து வருவாள் அவள்? அம்மா அப்போது தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில், ஆட்டுக்குட்டியோடு ஓடிக்கொண்டிருந்தாள். பார், பொருந்தவில்லை. நிம்மதி.

52 வயதில் ரென்-குரங்கு. 2002இலிருந்து 2012 வரை. அப்பா போனது 2004.

27ஆம் தேதியும் வெறும் குரங்கு இல்லை. ரென்-குரங்கு.

பிப்ரவரி 24, செவ்வாய்

கணக்கு நோட்டை அலமாரி மேலே போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 25, புதன்

அம்மாவிடம் காகிதத்தைக் காட்டினேன். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். "ஆத்தாளோடது. இன்னும் இருக்கா இது?" தெரியும் அவளுக்கு. இத்தனை வருஷமும் தெரியும்.

பிறகு அவளாகவே சொன்னாள். "ஒருதரம் ஒரு சீனத்தி கொடை புடிச்சிக்கிட்டு வந்து லயத்துக் கோடியிலே நின்னாளாம். ஆத்தா என்னைத் தூக்கிக்கிட்டு உள்ளே போயி கதவைச் சாத்திட்டாளாம். சாயங்காலம் வரைக்கும் நின்னுட்டுப் போயிட்டா."

"அப்போ உனக்கு எத்தனை வயசு?"

"யாரு கண்டா. நடந்துக்கிட்டு இருந்தேனாம்."

பிப்ரவரி 26, வியாழன்

நள்ளிரவிலிருந்து பட்டினி. காலை 7 மணிக்கு முதல் ஆளாக இறக்குவார்களாம். வெயில் கணக்கில் 6 கூட ஆகியிருக்காது. முயல் நேரம். முயலுக்கும் புலிக்கும் சண்டை இல்லை.

பிப்ரவரி 27, வெள்ளி

7 என்றார்கள். 9.50க்குத்தான் தள்ளிக்கொண்டு போனார்கள். 76ஐக் கழித்தால் 8.34. டிராகன்.

டிராகனுக்குப் புலியோடு என்ன என்று பார்க்க நோட்டு இல்லை. மடியில் அம்மாவின் பை. அதில் பல்செட், ஐசி, மூக்குத்தி. மூக்குத்தியைச் சுற்றி வைக்க வேறு எதுவும் கிடைக்காமல் சிவப்புக் காகிதத்திலேயே