மயில் துத்தக் கணக்கு

2024 ஏப்ரல் 23, செவ்வாய்

இரவு இரண்டு மணிக்குக் கைப்பேசி அலறியது. பிரான்ஸின் ஷாம்பெயின் பகுதியில் இருக்கும் எங்கள் திராட்சைத் தோட்டத்து வெப்பமானி பூஜ்யத்தைத் தொட்டால் இப்படித்தான் கூப்பிடும். அவரும் நானும் மாமியாரும் கீழ்க்கொல்லைக்கு ஓடினோம். கொடி வரிசைகளுக்கு நடுவே முன்னூறு தகர வாளிகள், ஒவ்வொன்றிலும் பாரஃபின் மெழுகு. பற்றவைத்துக்கொண்டே நடந்தோம். தூரத்திலிருந்து பார்த்தால் கார்த்திகை தீபம். கிட்டே போனால் புகையும் கண்ணெரிச்சலும்.

மூன்றரை ஹெக்டேருக்கும் வாளி வைக்க எங்களுக்குக் கட்டுப்படியாகாது. குளிர்காற்று வந்து தேங்கும் பள்ளத்துக்கு மட்டும்தான் காவல். பள்ளம் தப்பியது. இந்த முறை அடி வாங்கியது நடுக்கொல்லை. காலை பத்து மணிக்கு வெயில் ஏறியதும் அங்கே விரல்நுனி அளவு வந்திருந்த துளிர்கள் வேகவைத்த கீரை மாதிரித் துவண்டு தொங்கின. மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும் என்கிறார் அவர். மாமியார் ஒன்றும் சொல்லாமல் எல்லோருக்கும் காபி ஊற்றினார்.

மே 19, ஞாயிறு

அம்மா புதுச்சேரியிலிருந்து பேசினாள். “அங்கே என்னடி, இன்னும் மழையா?” ஆமாம், மழை. மழை நின்றால் தூறல்.

திராட்சைக்கு இரண்டு எதிரிகள். சாம்பல் நோயைக் கந்தகத்தூளால் சமாளிக்கலாம். மழை ஈரத்தில் பரவும் அடிச்சாம்பல் நோய்தான் எமன். இலையின் மேல் எண்ணெய் சொட்டியது போல மஞ்சள் புள்ளி. புரட்டினால் வெள்ளைப் பஞ்சு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த விருந்தாளி, இன்னும் கிளம்பவில்லை. இயற்கை முறையில் அதற்கு உருப்படியான மருந்து ஒன்றே ஒன்று: தாமிரம். தாமிர உப்பான மயில் துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையை என் தாத்தாவும் வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு அடித்தவர்தான். இங்கே வந்து அந்த நீலத்தைப் பார்த்தபோது ஊர் ஞாபகம் வந்தது.

ஆனால் இங்கே அதற்குக் கணக்கு உண்டு. ஹெக்டேருக்கு 7 ஆண்டுகளில் 28 கிலோ தாமிரம், அதற்கு மேல் ஒரு கிராம் கூடாது. இன்று நோட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தோம். 2019இல் 2.8, 2020இல் 1.9, 2021இல் 6.1, 2022இல் 1.7, 2023இல் 3.6. ஆக 16.1. இந்த ஆண்டுக்கும் அடுத்த ஆண்டுக்குமாக மீதி 11.9. மே மாதமே முடியவில்லை, 2 கிலோ போய்விட்டது.

‘இயற்கை’ என்ற சொல்லைப் பார்த்ததும் எல்லாம் துளசி தீர்த்தம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தாமிரம் உலோகம். மண்ணில் விழுந்தால் விழுந்ததுதான். மண்புழுவுக்கு அது ஆகாது. இதைத் தெரிந்துகொண்டுதான் அடிக்கிறோம். அதனால்தான் கிராம் கணக்கு.

ஜூன் 16, ஞாயிறு

நேற்று ஒரே இரவில் 31 மில்லிமீட்டர். வெள்ளிக்கிழமை அடித்த மருந்து சேன் நதிக்குப் போயிருக்கும். தாமிரம் இலையின் மேல்தான் உட்காரும், உள்ளே இறங்காது. இருபது, இருபத்தைந்து மில்லிமீட்டர் பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். அதற்குப் பின் முளைத்த இலைக்குக் காப்பே கிடையாது.

டிராக்டரை இறக்கினால் அச்சு வரை புதைகிறது. அவர் முதுகில் தெளிப்பானை மாட்டிக்கொண்டு காலை ஐந்து மணிக்குச் சரிவில் ஏறினார், எதிர்ச்சரிவில் நான். இந்தத் தெளிப்பான் நிரம்பினால் இருபது கிலோ. நான்காவது நடையில், சேற்றில் மாட்டிய பூட்ஸை அங்கேயே விட்டுவிட்டு ஒரு காலோடு நின்றேன். அழவில்லை, கெட்ட வார்த்தை சொன்னேன். தமிழில் சொன்னதால் யாருக்கும் புரியவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

இரண்டாம் சுற்றுத் தேர்தல். வாக்களித்துவிட்டு வந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். அரசியல் சண்டை வரும் என்று பயந்தேன். வந்தது மருந்துச் சண்டை.

எங்கள் சரிவுக்குக் கீழே இருப்பவர் இயற்கை முறையை விட்டுவிட்டார். செடிக்குள் ஊடுருவும் ரசாயன மருந்து ஒரு முறை அடித்தாராம், பத்து நாள் நிம்மதி. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்கும் கடன் இருக்கிறது.

மாமனார் கேட்டார்: “நாமும் அடித்தால் என்ன? புட்டியில் ஷாம்பெயின் என்ற சொல் இருக்கிறது. அது போதாதா?”

அந்தச் சொல் அவருக்குச் சும்மா வந்ததல்ல. எங்கள் ஓப் மாவட்டத்தை ஷாம்பெயின் எல்லைக்கு வெளியே தள்ளியபோது, 1911 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான விவசாயிகள் துருவா நகரில் ஊர்வலம் போனார்கள். அதில் அவருடைய தாத்தாவும் நடந்தார். அப்போது கிடைத்தது ‘இரண்டாம் மண்டலம்’ என்ற பெயர்தான். முழு உரிமை 1927இல்தான் வந்தது.

என் கணவர் சொன்னார்: “அடித்தால் இயற்கை விவசாய முத்திரை போய்விடும் அப்பா. திரும்ப வாங்க மூன்று வருடம்.”

“மூன்று வருடம் சாப்பிட ஏதாவது வேண்டாமா?”

மாமியார் பாலாடைக்கட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். பேச்சு அங்கே நின்றது, முடியவில்லை. மருந்து அடிக்கவில்லை.

ஜூலை 26, வெள்ளி

பாரிஸில் ஒலிம்பிக் தொடக்க விழா. சேன் நதியில் படகுகள், கொட்டும் மழை. உலகமே வீரர்களைப் பார்த்தது. எங்கள் வீட்டில் மூவரும் மழையைப் பார்த்தார்கள். அதே நதி எங்கள் ஊர் வழியாகத்தான் அங்கே போகிறது. கொத்துகளில் பாதி காய்ந்து தோல் போல் சுருங்கிவிட்டது. மிச்சக் காய்கள் பருத்து நெருங்கிவிட்டன. இனி அவற்றை நோய் அவ்வளவாகத் தொடாதாம். தாமிரம்: 7.0. அடுத்த ஆண்டுக்கு 4.9 இருக்கிறது.

செப்டம்பர் 16, திங்கள்

அறுவடை. இங்கே எந்திரம் கூடாது, எல்லாமே கைவெட்டு. கொத்து நசுங்காமல் முழுசாகப் பிழி எந்திரத்துக்குப் போக வேண்டும். கறுப்புத் திராட்சையிலிருந்து வெள்ளை ஒயின் வருவது அதனால்தான். சாயமெல்லாம் தோலில். மெதுவாக அமுக்கினால் பினோ நுவார் என்ற கறுப்பு ரகம்கூட வெளுத்த சாறு தரும்.

ஒரு பிழிக்கு 4,000 கிலோ. அதில் முதல் சாறு 2,050 லிட்டர், அடுத்தது 500 லிட்டர், அத்துடன் நிறுத்திவிட வேண்டும். நல்ல ஆண்டில் ஏழெட்டுப் பிழி வரும். இந்த ஆண்டு ஹெக்டேருக்கு 10,000 கிலோ வரை எடுக்கலாம் என்று அனுமதி. எங்களுக்குக் கிடைத்தது 3,200. மூன்றாவது பிழியை நிரப்பப் பழம் போதவில்லை. விளைச்சல் கண்ட 2022இல் எடுத்துவைத்த ஒயின் தொட்டியில் இருப்பதால் குடும்பம் மூழ்காது.

அறுத்தவர்களுக்குப் பருப்பு சாம்பார் வைத்தேன். ரொட்டியைத் தொட்டுச் சாப்பிட்டார்கள். ஒருவர் மூன்று கிண்ணம்.

அக்டோபர் 5, சனி

தொட்டிகள் பொங்கி அடங்கின. எழுத ஒன்றும் இல்லை. தூங்கினேன்.

டிசம்பர் 14, சனி

நிலவறையில் 2021ஆம் ஆண்டுப் புட்டிகள் இருக்கின்றன. அதுவும் இப்படித்தான்: ஏப்ரலில் உறைபனி, கோடையில் அடிச்சாம்பல். மொத்தமே 1,700 புட்டி. 2022 வசந்தத்தில் லிட்டருக்கு 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து, சோடா மூடி அடித்துப் படுக்கவைத்தோம். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று விட்ட வாயு, போக வழியில்லாமல் ஒயினிலேயே கரைந்து கிடக்கிறது. சாதாரண ஷாம்பெயினுக்குப் புட்டியில் 15 மாதம் போதும். விளைந்த ஆண்டைப் போட்டு விற்க 3 ஆண்டு வேண்டும், அதற்கு இன்னும் சில மாதம். இன்று ருசி பார்க்க ஆறே ஆறு.

மாமனார்தான் திறந்தார், எந்திரம் இல்லாமல். வாரக்கணக்கில் சிறிது சிறிதாகத் திருப்பித் தலைகீழாக்கியதில் மண்டி முழுவதும் கழுத்தில் இறங்கியிருந்தது. புட்டியைக் கவிழ்த்தபடி பிடித்து, மேலே தூக்கும் அதே நொடியில் மூடியைக் கழற்ற வேண்டும். ஆறு மடங்கு காற்றழுத்தம். டப் என்று மண்டி பறந்தது. ஒரு விரலுக்கு மேல் ஒயின் வீணாகவில்லை. இரண்டாவதை நான் செய்தேன். கால் புட்டி என் ஸ்வெட்டரில்.

சர்க்கரை எதுவும் சேர்க்காமல் அப்படியே ஊற்றினோம். முதலில் புளிப்பு, நெல்லிக்காய்ப் புளிப்பு. பிறகு எங்கிருந்தோ சுட்ட ரொட்டி வாசனை. நுரை பொடியாக, நின்று நிதானமாக ஏறியது.

மாமனார் வெகுநேரம் வாயில் வைத்திருந்தார். “அந்த வருடம் தாமிரம் எத்தனை கிலோ?”

“ஆறு புள்ளி ஒன்று,” என்றார் அவர்.

“அதிகம்,” என்று சொல்லிவிட்டு கிளாஸை மறுபடி நீட்டினார்.