பழைய பாட்டு, மூன்று பேர்: கேட்டல் குறிப்புகள்

2025 அக்டோபர் 28

ஜாஸ் டிரம்ஸ் கலைஞர் ஜாக் டிஜானெட் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க் மாநிலத்தின் கிங்ஸ்டனில். வயது 83. அவரோடு பேஸ் என்ற கீழ்ஸ்தாயித் தந்தி வாத்தியம் வாசித்த கேரி பீகாக் 2020 செப்டம்பரிலேயே காலமாகிவிட்டார். கீத் ஜாரெட் மூவர் குழுவில் மிச்சம் பியானோக்காரர் ஜாரெட் மட்டும்தான். அவருக்கும் 2018-ல் அடுத்தடுத்து இரண்டு முறை பக்கவாதம் வந்து இடது கை வேலை செய்வதில்லை.

அஞ்சலி எழுதுகிறவர்கள் எல்லாரும் டிஜானெட் டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸிடம் டிரம்ஸ் வாசித்த காலத்தைப் பற்றியே எழுதுகிறார்கள். நியாயம்தான். ஆனால் என் டிஜானெட் 1983-க்குப் பிறகு வருகிறவர். அந்த ஜனவரியில் நியூயார்க்கின் பவர் ஸ்டேஷன் ஸ்டூடியோவில், இசிஎம் ரெக்கார்டு கம்பெனியின் நிறுவனர் மான்ஃப்ரெட் ஐகரின் தயாரிப்பில், மூவரும் பழைய பிராட்வே பாட்டுகளையும் சினிமாப் பாட்டுகளையும் எடுத்து வாசித்தார்கள். ஜாஸ்காரர்கள் 'ஸ்டாண்டர்ட்ஸ்' என்று சொல்லும் சரக்கு அது. அந்தப் பதிவிலிருந்தே மூன்று ஆல்பம் வந்தது.

அப்போது இது பின்னால் போகிற வேலையாகத்தான் பலருக்குத் தெரிந்திருக்கும். ஜாரெட் எந்தப் பாட்டும் கையில் இல்லாமல் மேடையேறி ஒரு மணி நேரம் தனியாக வாசிப்பவர் என்று பேர் வாங்கியவர். பீகாக் சாக்ஸஃபோன்காரர் ஆல்பர்ட் ஐலரோடு ஃப்ரீ ஜாஸ், அதாவது மெட்டு, கார்டு கட்டுப்பாடுகளை உதறிய ஜாஸ், வாசித்தவர். இப்படிப்பட்டவர்கள் 1930-களின் காதல் பாட்டுக்குத் திரும்புவானேன்? இந்த வாரம் முழுக்க அதைத்தான் கேட்கப் போகிறேன்.

அக்டோபர் 30

அந்த 1983 பதிவின் முதல் தொகுதி. 'ஆல் த திங்ஸ் யூ ஆர்'. 1939-ல் ஜெரோம் கெர்ன் ஒரு மேடை நாடகத்துக்குப் போட்ட மெட்டு. நாடகம் ஓடவில்லை, பாட்டு இன்றுவரை ஓடுகிறது. இந்த வகைப் பாட்டு வழக்கமாக 32 பாரில் (பார் என்பது நம் ஆவர்த்தனம் மாதிரி ஒரு தாள அளவு) முடியும், இது 36 வரை போகும். அதற்குள் ஏ ஃப்ளாட்டில் தொடங்கி, சி, இ ஃப்ளாட், ஜி, இ என்று ஸ்ருதி மாறி மாறி, கடைசியில் கிளம்பிய இடத்துக்கே வந்து சேரும். வாசிக்கிறவருக்கு வேண்டிய அளவு வேலை கொடுக்கிற பாட்டு.

நம் காது இதை உடனே நிரவலோடு சேர்த்துப் பார்க்கும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் நிரவலில் சாகித்ய வரி நிற்கும், அதைச் சுற்றி சங்கதி வளரும். இங்கே ஒரு சுற்று முடிந்ததும் மெட்டே காணாமல் போய்விடுகிறது. அடியில் ஓடும் கார்டு வரிசை (கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கொத்து) மட்டும் அதே 36 பாரில் திரும்பத் திரும்ப வருகிறது. அதை யாரும் உரக்கச் சொல்வதில்லை. மூவரும் மனசுக்குள் வைத்திருக்கிறார்கள். அதனால்தான் டிஜானெட் தாளத்தைக் கலைத்துப் போட்டாலும் யாரும் வழி தவறுவதில்லை.

அதே தொகுதியின் கடைசிப் பாட்டு 'காட் பிளெஸ் த சைல்ட்', பில்லி ஹாலிடே பாடிப் பிரபலமானது. இங்கே பதினைந்து நிமிடத்துக்கு மேல் போகிறது. டிஜானெட் ஜாஸின் வழக்கமான ஊஞ்சலாடும் நடையான ஸ்விங்கை விட்டுவிட்டு, கறுப்பர் தேவாலயத்துப் பாட்டுக்கு அடிப்பது போல நேரான, கனமான அடி ஒன்றைப் பிடிக்கிறார். சோகப் பாட்டு என்பதையே மறந்து கால் ஆடுகிறது.

நவம்பர் 1

நண்பர் ஒருவருக்கு இந்தத் தொகுதியை அனுப்பினேன். "இதைவிட கெல்ன் கச்சேரிதான்" என்று பதில். ஜாரெட் ஜெர்மனியில் தனியாக வாசித்த கச்சேரியைச் சொல்கிறார். எதிர்பார்த்ததுதான். 1975 ஜனவரி 24, கெல்ன் ஓப்பரா அரங்கம், தவறுதலாக வந்து சேர்ந்த மட்டமான பியானோ, அதையும் மீறி வாசித்தார் என்ற கதை. கதை உண்மை. நல்ல பதிவும்கூட. ஆனால் அந்தக் கதையைக் கேட்டவர்கள் பியானோவைக் கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். அந்த ரெக்கார்டின் புகழைப் பார்த்து ஜாரெட்டே சலித்துக்கொண்டவர். சரி, விடுவோம்.

நவம்பர் 2, ஞாயிறு

வீட்டில் புகார்: "யார் இந்த ஆள், வயிற்றுவலிக்காரர் மாதிரி முனகுகிறார்?" ஜாரெட் வாசிக்கும்போது கூடவே பாடுவார், முனகுவார், எழுந்து நின்றுவிடுவார். ரசிகர்களிலேயே இதைப் பொறுக்க முடியாதவர்கள் உண்டு. அவரோ சபையில் யாராவது இருமினால் பொறுக்கமாட்டார். 2007-ல் இத்தாலியின் பெரூஜியாவில் படம் எடுத்தவர்களை மேடையிலிருந்தே திட்டினார். எனக்கு முனகல் பழகிவிட்டது, திட்டு பழகவில்லை.

நவம்பர் 5

நியூயார்க் ப்ளூ நோட் கிளப், 1994 ஜூன் 3 முதல் 5 வரை. மூன்று இரவுகளும் முழுதாகப் பதிவாகி ஆறு சிடிக்களாக வந்தன. 'ஆட்டம் லீவ்ஸ்' மட்டும் 26 நிமிடம். ஜோசப் கோஸ்மா போட்ட பிரெஞ்சு மெட்டு அது. ஜாஸ் கற்கிற எந்தப் பிள்ளையும் முதல் வருடத்தில் வாசிக்கும் பாட்டு.

இந்தக் குழு ஒத்திகை பார்ப்பதில்லை. இன்னின்ன பாட்டு என்ற பட்டியலும் மேடைக்குப் போவதில்லை. ஜாரெட் ஏதோ தொடுவார், மற்ற இருவரும் புரிந்துகொண்டு சேர்ந்துகொள்வார்கள். பாட்டு முடிந்த பிறகும் சில சமயம் நிற்கமாட்டார்கள். கடைசி இரண்டு கார்டையே பிடித்துக்கொண்டு, அதிலிருந்து புதிதாக ஒன்றைக் கட்டி, அதற்குத் தனிப் பேரும் வைத்துவிடுவார்கள். 'ஐ ஃபால் இன் லவ் டூ ஈஸிலி' இங்கே அப்படித்தான் வேறொன்றாக மாறுகிறது.

முதல் நாள் கேள்விக்கு இதில்தான் எனக்குப் பதில் கிடைக்கிறது. சொந்தப் பாட்டு என்றால் எழுதியவர் மனசில் அது எப்படி ஒலிக்க வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கும், மற்றவர்கள் அதற்கு உடன்பட வேண்டும். கெர்னும் கோஸ்மாவும் வந்து கேட்கப் போவதில்லை. மூவருக்கும் பாட்டு ஒரே அளவுக்கு அந்நியம், ஒரே அளவுக்குப் பரிச்சயம். ஜாரெட் பேர்தான் அட்டையில் பெரிதாக இருக்கிறது. ஆனால் பல இடங்களில் பீகாக் பேஸில் ஒரு திசை காட்ட, பியானோ பின்னால் போகிறது.

நவம்பர் 8

1996-ல் ஜாரெட்டுக்கு நாட்பட்ட சோர்வு நோய் வந்தது. பியானோ பக்கமே போக முடியாத நிலை. கொஞ்சம் தேறியதும் நியூஜெர்சியில் தன் வீட்டு ஸ்டூடியோவில் தனியாக உட்கார்ந்து மெதுவான பாட்டுகளைப் பதிவு செய்தார், மனைவிக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக. 1999-ல் ஆல்பமாக வந்தது. அலங்காரம் எதுவும் இல்லை, மெட்டை மட்டும் வாசிக்கிறார். சிலர் இதைச் சாதாரணம் என்பார்கள். 'ஐ லவ்ஸ் யூ, போர்கி'யை இரண்டு முறை கேட்டுவிட்டு அவர்கள் பேசட்டும்.

மூவரும் மேடைக்குத் திரும்பியது 1998 நவம்பரில், நியூவார்க்கில். பீபாப் என்ற வேகமான ஜாஸ் வகைப் பாட்டுகளாகத் தேர்ந்தெடுத்தார்கள். விரல் வேகம் வேண்டும், ஆனால் கட்டையை அழுத்தி வாசிக்கத் தேவையில்லை என்பது ஜாரெட்டின் கணக்கு. உடம்புக்கு ஏற்ற பாட்டு. அந்தப் பதிவு வெளிவந்தது 2018-ல், அவருக்குப் பக்கவாதம் வந்த அதே வருடம். குழுவின் கடைசிக் கச்சேரியும் 2014-ல் நியூவார்க்கில்தான்.

நவம்பர் 9

2023-ல் வந்த வீட்டுப் பேட்டி ஒன்றைப் பார்த்தேன். வலது கையால் மட்டும் வாசிக்கிறார். முழுதாகப் பார்க்க முடியவில்லை.

அப்புறம் பென்சில்வேனியாவின் டியர் ஹெட் இன் விடுதி, 1992 செப்டம்பர். சிறுவயதில் ஜாரெட் பியானோ வாசித்துச் சம்பாதித்த இடம். அன்று டிரம்ஸில் டிஜானெட்டுக்குப் பதில் பால் மோஷன். அந்த இரவின் மிச்சப் பாட்டுகள் போன வருடம்தான் வெளிவந்தன. மோஷன் சிக்கனக்காரர், பல அடிகளை அடிக்காமலே விட்டுவிடுவார். அழகுதான். ஆனால் எனக்கு அந்த இடங்களில் டிஜானெட்டின் சிம்பல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நாளைக்கு 1996 டோக்கியோ கச்சேரியை எடுக்கிறேன். அதில் அவர் இருக்கிறார்.