எனக்குத் தந்ததும் அவருக்குக் கொடுத்ததும்

ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜேஎல்பிடியின் என்4 நிலைக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். வினைச்சொல் கடைசியில் வரும், 'ஓ', 'நி' எல்லாம் நம் வேற்றுமை உருபு மாதிரி பெயருக்குப் பின்னால் வரும். தமிழ் தெரிந்தவர்களுக்கு இதெல்லாம் சுலபம். என்னைப் பாடாய்ப் படுத்துவது கொடுக்கல் வாங்கல்தான்.

நான் பிறருக்குக் கொடுத்தால் 'அகெரு'. பிறர் எனக்குக் கொடுத்தால் 'குரெரு'. நான் பெற்றுக்கொண்டேன் என்றால் 'மொராவு'. நேற்று வகுப்பில், தோழி என் தங்கைக்குப் புத்தகம் கொடுத்ததைச் சொல்ல 'அகெமஷ்தா' ('அகெரு'வின் இறந்தகாலம்) என்றேன். ஆசிரியர் மெதுவாக 'குரெமஷ்தா' என்று திருத்தினார். தங்கை என் வீட்டு ஆள். அவளுக்குக் கொடுத்தால் எனக்கே கொடுத்த மாதிரி! யார் நம்மவர், யார் வெளியாள் என்று முடிவு செய்யாமல் 'கொடுத்தார்' என்று சொல்லவே முடியாது.

அப்புறம்தான் தொல்காப்பியம் ஞாபகம் வந்தது. 'தா' தன்மைக்கும் முன்னிலைக்கும், 'கொடு' படர்க்கைக்கும் என்று அங்கே விதி உண்டு. எனக்குத் தந்தான், அவனுக்குக் கொடுத்தான். நாம் இன்று அதைத் தளர்த்திவிட்டோம். ஜப்பானிய மொழி இதைப் போன்ற ஒரு பாகுபாட்டை இன்னும் கறாராக வைத்திருக்கிறது.

இன்று காலை பக்கத்து வீட்டு அக்கா அம்மாவுக்கு முருங்கைக்கீரை கொடுத்தார். மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். யோசிக்காமலே 'குரெமஷ்தா' வந்தது.