எறும்பின் வாசனைத் தடமும் மாறும் சூழலும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரப்பர் மரங்கள் நின்ற இடத்தில் இன்று செம்பனை நிற்கிறது; அதன் ஓலைகளைப் பட்டு நூலால் பிணைத்து முசுறு எறும்புகள் கூடு கட்டியிருக்கின்றன. உற்றுப் பார்த்தால், ஓர் எறும்பு வயிற்றின் நுனியை மட்டையில் தேய்த்து வாசனைத் தடம் இட்டபடி நடப்பதும், பின்னால் வருபவை உணர்கொம்புகளால் அத்தடத்தைத் துழாவி அறிவதும் தெரியும். உணவு, புது இடம், எதிரி எனத் தேவைக்கேற்ப ஆப்பிரிக்க முசுறுகள் தம் கூட்டத்தை ஐந்து விதமாக அழைப்பதை எறும்பியல் ஆய்வாளர்கள் ஹோல்டோப்ளரும் வில்சனும் 1978இல் விவரித்தனர்.

என்னை மிகவும் வியக்க வைப்பது, இந்தத் தடம் அழியக்கூடியதாக இருப்பதுதான். நெருப்பெறும்பு இடும் தடம் சில நிமிடங்களிலேயே ஆவியாகிவிடும். இரை தீர்ந்ததும் திரும்புபவை அதைப் புதுப்பிப்பதில்லை, ஆகவே பயனற்ற பாதை தானே மறைகிறது. நம் சமையலறைச் சீனி டப்பாவைத் தேடிவரும் பாரோ எறும்போ, பலனில்லாத கிளைப்பாதையின் தொடக்கத்தில் 'இங்கே போகாதே' என்று உணர்த்தும் வேறொரு வேதிப்பொருளை இடுவதாக 2005இல் கண்டறியப்பட்டது.

வெப்பம் கூடும்போது, உடலின் நீர் வற்றாதிருக்க, மேற்தோலிலுள்ள மெழுகின் கலவையைப் பல எறும்பினங்கள் மாற்றிக்கொள்கின்றன. ஆனால் அதே மெழுகுதான் சொந்தக் கூட்டத்தாரை அடையாளம் காட்டும் மணமும் ஆகும். ஓசோன் மாசு அம்மெழுகிலுள்ள ஆல்கீன்கள் என்னும் வேதிப்பொருள்களைச் சிதைத்தால், வீடு திரும்பும் எறும்பைக் கூட்டத்தாரே அந்நியனென்று தாக்குவதை ஜெர்மனியின் யேனா நகர ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். வெப்பத்துக்கு ஈடுகொடுக்கும் இவ்வுயிர்களுக்குக் காற்றின் மாசே கடினமான சோதனை என்று நான் கருதுகிறேன்.