டீ குடித்த வெறும் வயிறு

அலுவலகம் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும். இன்டர்ன், அதாவது பயிற்சிக்குச் சேர்ந்த மாணவர், ராமநாதபுரம் மாவட்டக் கரையோர ஊரான மண்டபத்திலோ தேவிபட்டினத்திலோ வீட்டுத் திண்ணையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பார். மருத்துவ ஸ்டார்ட்அப்பில் சேர்ந்த முதல் வாரம் பெரும்பாலும் ஒரே வேலைதான் வரும். நானூறு ஐந்நூறு வரிசையுள்ள ஒரு ஷீட், கூடவே ‘இதைக் கொஞ்சம் சுத்தம் பண்ணிக் கொடுங்க’ என்று ஒரு செய்தி. ஏஐ, ஆப் என்று கனவோடு வந்தவர்களுக்குச் சப்பென்று ஆகிவிடும். ஆனால் ஒருவருடைய சர்க்கரை அளவு இன்னொருவர் பெயரில் ஏறுவது இந்த ஷீட்டில்தான்.

முதல் அடி எக்ஸெலில் விழும். சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து அட்டவணை) கோப்பை இரட்டைக் கிளிக் செய்து திறந்தால் தமிழ்ப் பெயர்கள் கிறுக்கலாகிவிடுவது உண்டு. அது கண்ணுக்குத் தெரியும் என்பதால் பரவாயில்லை. தெரியாமல் நடப்பதுதான் மோசம். ஆபா எண், அதாவது அரசின் டிஜிட்டல் சுகாதார அடையாள எண், 14 இலக்கம். நடுவில் கோடு இல்லாமல் இருந்தால் எக்ஸெல் அதைச் சாதாரண எண்ணாக எடுத்துக்கொண்டு 9.12E+13 என்பதுபோலச் சுருக்கிக் காட்டும். அப்படியே மறுபடி சிஎஸ்வியாகச் சேமித்தால் திரையில் தெரிந்ததுதான் கோப்புக்குள் போகும். மீதி இலக்கங்கள் திரும்பி வராது. தேதியிலும் இதே கதை. 03/04 என்பது ஏப்ரல் 3ஆ, மார்ச் 4ஆ? கணினி அமெரிக்க முறையில் இருந்தால் 12க்கு உட்பட்ட நாட்களையெல்லாம் மாதமாக்கிவிடும், 12க்கு மேற்பட்டதை வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஒரே நெடுவரிசையில் சில தேதி வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டி நின்றால் இதுதான் காரணம்.

கோப்பைத் திறக்காமல் உள்ளே இழுப்பதே சரியான வழி. டேட்டா மெனுவில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’, எழுத்துமுறைக்கு ‘65001 யூடிஎஃப்-8’, பிறகு ‘டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா’வில் போய் ஃபோன் எண், ஆபா எண், தேதி மூன்றையும் ‘டெக்ஸ்ட்’ ஆக்க வேண்டும். வந்த மூலக்கோப்பில் கை வைக்கவே கூடாது, பிரதியில்தான் வேலை.

தமிழுக்கே உரிய வம்பும் ஒன்று உண்டு. ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் தட்டலாம், தனித்தனியாக இரண்டு குறிகளாகவும் தட்டலாம். பார்வைக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. ஆகவே ஒரே கொடிமலர் இரண்டு நோயாளியாகப் பதிவாவார். பைத்தான் நிரல்மொழியில் ஒரு வரி ‘என்எஃப்சி நார்மலைஸ்’ (இரண்டு வடிவத்தையும் ஒரே குறியாக்கும் கட்டளை) போட்டால் தீரும். ஆனால் அந்த வரி தேவை என்று அலுவலகத்தில் சொல்லப்போவது தமிழ் தட்டச்சு தெரிந்த இன்டர்ன்தான்.

அடுத்த வேலை ஆப்பின் தமிழ். மொழிபெயர்ப்பு இயந்திரம் போட்ட தமிழைச் சரிபார்ப்பது, நோயாளிகளின் குரல்பதிவை எழுத்தாக்குவது. ‘முழுகாம இருக்கா’ என்றால் கர்ப்பம். குளிக்கவில்லை என்று எழுதிவிட்டால் அந்தப் பெண்ணுக்குப் போகவேண்டிய இரும்புச்சத்து மாத்திரை நினைவூட்டல் போகாது. ‘மேலுக்கு முடியல’ என்றால் உடம்பு சரியில்லை, மேல்மாடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ‘கிறுகிறுன்னு வருது’, ‘வயித்தால போகுது’, ‘நெஞ்சு கரிக்குது’ இவையெல்லாம் ஆப்பின் அறிகுறிப் பட்டியலில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் ‘தலைச்சுற்றல்’, ‘வயிற்றுப்போக்கு’ மட்டும்தான் இருக்கும். உணவுப் பட்டியலில் ஓட்ஸ் இருக்கும், கருவாடு இருக்காது. ரத்த அழுத்தக்காரருக்கு உப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்கிற ஆப்பில் கருவாடு இல்லாதது வேடிக்கைதான்.

நோயாளிகளைக் கூப்பிட்டு விசாரிக்கும் ஃபோன் வேலையில் கவனிக்க வேண்டியது கேள்வி கேட்கும் விதம். பெரும்பாலான உரையாடல்கள் இப்படிப் போகும்:

“அம்மா, காலையில சுகர் எவ்வளவு காட்டுச்சு?”

“நூத்தி நாப்பது தம்பி.”

“வெறும் வயித்துலதானம்மா?”

“ஆமாப்பா, எதுவும் சாப்பிடல. டீ மட்டும் குடிச்சேன்.”

நம் ஊரில் டீ சாப்பாட்டுக் கணக்கில் வராது. வெறும் வயிற்றில் சர்க்கரை நோய்க்கு 126 எல்லைக்கோடு என்றால், சீனி போட்ட டீக்குப் பின் வந்த 140ஐ அந்தக் கட்டத்தில் போடக் கூடாது. ‘எந்நேரமும்’ என்ற கட்டத்தில் போட்டு, குறிப்பில் டீ என்று எழுத வேண்டும். ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்காமல் ‘எழுந்ததிலிருந்து வாயில என்னென்ன போட்டீங்க’ என்று கேட்டால் ஒரே கேள்வியில் முடியும். அளந்த விதத்தையும் கேட்க வேண்டும். கடற்பாசி எடுக்கும் பெண்களுக்கு விரலெல்லாம் கீறலும் உப்பும் இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, காய்ந்த விரலில்தான் குத்த வேண்டும். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து வைத்தால் கடற்காற்றின் ஈரத்தில் ஸ்ட்ரிப் கெடும், அளவு தாறுமாறாக வரும்.

‘நெஞ்சு கரிக்குது, இடது கை வலிக்குது’ என்று யாராவது சொன்னால் இன்டர்ன் விளக்கம் கொடுக்கக் கூடாது. வாய்வாக இருக்கும் என்று ஆறுதல் சொல்வதும் மருத்துவ ஆலோசனைதான். 108ஐக் கூப்பிடச் சொல்லிவிட்டு, அதே நிமிடத்தில் குழுவின் மருத்துவரை அழைக்க வேண்டும். 2020 மார்ச்சில் வந்த டெலிமெடிசின் வழிகாட்டு நெறிமுறைப்படி ஆலோசனையும் மருந்துச்சீட்டும் பதிவுபெற்ற மருத்துவருக்கு மட்டும் உரியவை. இன்டர்னுக்கும் கிடையாது, ஏஐக்கும் கிடையாது.

அலுவலகத்துக் கடிகாரமும் கரையின் கடிகாரமும் ஒத்துப்போவதில்லை. ராமேசுவரம் விசைப்படகுக்காரர் தொழிலுக்குப் போகும் நாளில் ஃபோன் எடுக்க மாட்டார். ஆப்போ ஐந்து முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு ‘விலகியவர்’ என்று முத்திரை குத்திவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் பாசிக்குப் போகும் பெண்களைக் காலையில் பிடிக்க முடியாது. கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் நோன்பு மாதத்தில் காலை 8 மணி மாத்திரை நினைவூட்டலுக்கு அர்த்தமே இல்லை. சகருக்கும் (விடியலுக்கு முந்தைய சாப்பாடு) நோன்பு திறப்புக்கும் ஏற்றபடி மாத்திரையை மாற்றுவது மருத்துவர் வேலை, ஆனால் மாதம் தொடங்குவதற்கு முன்பே பட்டியலை அவரிடம் கொண்டுபோவது இன்டர்ன் வேலை.

இதில் நாசூக்கான பொறி ஒன்று உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ஆண்கள் கரையில் இருப்பார்கள், ஃபோன் எடுப்பார்கள். ஏப்ரல் முதல் வாரம் புது வசதி ஒன்றை வெளியிட்டு, ஃபோன் எடுத்தவர்களின் மே மாத வரைபடம் மேலே ஏறினால் அலுவலகத்தில் கைதட்டிக்கொள்வார்கள். ஜூன் கடைசியில் அது இறங்கும்போது காரணம் தேடுவார்கள். வரைபடத்தில் தடைக்காலத்தை ஒரு நிழல்பட்டையாகப் போட்டுக் காட்டும் இன்டர்ன், அந்த இரண்டு மாதத்தில் வேறெதுவும் செய்யாவிட்டாலும் சம்பளத்துக்குத் தகுதியானவர். சம்பளம் கொடுத்தால்.

கரண்டும் நெட்டும் தெரிந்த கதைதான். பராமரிப்புக்காக மின்தடை என்று அறிவிப்பு வந்தால் முந்தின நாளே குழுவில் சொல்லிவிடலாம். ரவுட்டருக்கு ஒரு 12 வோல்ட் மினி யுபிஎஸ் போதும். உப்புக் காற்றில் கேபிள் முனையின் பித்தளை நிறப் பின்கள் பச்சைக் களிம்பு பிடிக்கும். நெட் விட்டு விட்டு வந்தால் கம்பெனிக்காரனைத் திட்டுமுன் அதைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கூட்டத்தில் வீடியோவை அணைத்து வைத்தால் தினசரி டேட்டா மாலைவரை தாங்கும். பாதிக் கூட்டம் தேவையே இல்லை என்பது வேறு விஷயம்.

பெயரை நீக்கிவிட்டால் தகவல் பாதுகாப்பாகிவிடும் என்று நகரத்தில் நினைப்பார்கள். ‘பாம்பன், 34 வயது, இரட்டைக் குழந்தை, கணவர் கடல் தொழில்’ என்று நான்கு கட்டம் இருந்தால் பெயரே வேண்டாம், தெருவில் யாரும் சொல்லிவிடுவார்கள். ஊரை ‘மாவட்டம்’ ஆக்கி, வயதை 30–39 ஆக்கினால்தான் கொஞ்சம் மறையும். வீட்டுக்கு ஒரே ஃபோன் என்பதால் எடுப்பவர் மகனாகவும் இருக்கலாம், மாமியாராகவும் இருக்கலாம். யார் பேசுகிறார்கள் என்று தெரியாமல் எந்தப் பரிசோதனையின் பெயரையும் சொல்லக் கூடாது.

கடைசி நாளில் சான்றிதழ் வாங்கும் அவசரத்தில் விட்டுப்போவது சொந்த ஃபோன். ஷீட் அணுகலை அலுவலகமே பறித்துவிடும். ஆனால் டவுன்லோட்ஸ், வாட்ஸ்அப் மீடியா, அழைப்புப் பதிவுகள், குப்பைத்தொட்டி இவற்றையெல்லாம் மாணவர்தான் காலி செய்ய வேண்டும். அழைக்க வசதியாக ‘சுகர் அக்கா தங்கச்சிமடம்’ என்று சேமித்த எண்களை முதலில் அழிக்க வேண்டும். அழைப்பவர் பெயரைக் காட்டும் செயலிகள் சில தொடர்புப் பட்டியலையே வாங்கிக்கொள்ளும். அந்த அக்கா யாருக்கு ஃபோன் போட்டாலும் எதிர்முனையில் இந்தப் பெயரே வரக்கூடும்.