லைசிமீட்டர் நாட்குறிப்பு: மண் எப்போது நீரை விடுகிறது?

ஜூன் 9

லைசிமீட்டருக்கான, அதாவது மண்ணில் நீர் வருவதையும் போவதையும் எடைபோட்டு அளக்கும் கருவிக்கான மண் உருளை ஒருவழியாகக் குழிக்குள் இறங்கிவிட்டது. வாய்ப்பரப்பு ஒரு சதுர மீட்டர், ஆழம் ஒன்றரை மீட்டர், எடை இரண்டு டன்னுக்கு மேல். எஃகு உருளையை நிலத்தில் மெல்ல மெல்ல அழுத்தி, மண்ணைக் கலைக்காமல் அப்படியே வெட்டி எடுத்தோம். தோண்டிய மண்ணைத் திரும்ப நிரப்புவது எளிதுதான். ஆனால் மண்புழு போன வழியும் வேர் அழுகிய துளையும் அதில் மிஞ்சாது. அந்தத் துளைகளில் என்ன நடக்கிறது என்று பார்க்கத்தானே இவ்வளவு பாடு!

ஜூன் 12

உருளையின் கீழே மூன்று லோட் செல்கள், அதாவது எடை உணரிகள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்றால் சரியாக ஒரு கிலோ. இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. நூறு கிராம் குறைந்தால் 0.1 மி.மீ. ஆவியாகிவிட்டது என்று பொருள்.

ஜூன் 21

காற்று வீசினால் எடை நடுங்குகிறது. பத்து நிமிடச் சராசரி எடுத்தால் அடங்குகிறது. விடியற்காலையில் மழையே இல்லாமல் எடை சற்று ஏறியிருந்தது. பனித்துளி! மழைமானியில் ஒன்றும் பதிவாகவில்லை.

ஜூலை 4

நேற்று 22 மி.மீ. மழை. எடை 22 கிலோ கூடியது. மண்ணைக் கடந்து வடியும் நீரைப் பிடிக்க அடியில் இருக்கும் வடிநீர்க் கலனோ காய்ந்து கிடக்கிறது. உடன் வேலை செய்யும் இளைஞர், "குழாய் அடைத்துக்கொண்டதா சார்?" என்று கேட்டார். அடைப்பு எதுவும் இல்லை. காய்ந்த மண் தன் நுண்துளைகள் நிறையும் வரை எதையும் கீழே விடாது. பாடப்புத்தகப் படங்களில் மழையிலிருந்து நிலத்தடி நீருக்கு நேராக ஓர் அம்புக்குறி போடுகிறார்களே, அதன்மேல் எனக்கு நெடுநாள் கோபம்.

ஜூலை 10

பழைய கதைகளைப் புரட்டினேன். பாரிஸில் 1688இல் தெ லா ஹிர் என்ற அறிஞர் ஈயக் கலங்களில் மண் நிரப்பி, மழைநீர் எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்த்தார். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1870இல் கலைக்காத மண்ணைச் சுற்றிச் சுவர் எழுப்பி 20, 40, 60 அங்குல ஆழங்களில், வடியும் நீரை அளக்கும் வடிமானிகள் அமைத்தார்கள். அங்கே லாஸும் கில்பர்ட்டும் அவர்களின் கூட்டாளிகளும் 1882லேயே தெளிவாக எழுதிவிட்டார்கள்: வடிநீரில் இரு வகை உண்டு. திறந்த வழிகளில் அதிகம் மாறாமல் இறங்கும் மழைநீர் ஒன்று. நிறைந்த மண்ணின் துளைகள் வெளியேற்றும் நீர் மற்றொன்று.

ஆகஸ்ட் 17

அந்த முதல் வகையை இன்று கண்ணால் பார்த்தேன். கொட்டித் தீர்த்த மழை. ஒரு மணி நேரத்துக்குள் கலனில் சொட்டத் தொடங்கிவிட்டது. மண் நீரை எவ்வளவு விசையோடு இழுத்துப் பிடிக்கிறது என்று காட்டும் நடு ஆழத்து டென்சியோமீட்டர் இன்னும் வறட்சியையே காட்டுகிறது. மண் சுருங்கி உருளையின் சுவரோரமாக நீர் இறங்கியிருக்குமோ என்று விளிம்பு முழுவதும் தடவிப் பார்த்தோம், இடைவெளி இல்லை. மண்ணின் உப்பு கரைந்தால் ஏறும் மின்கடத்துத்திறனும் வடிநீரில் மழைநீரைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். மண்ணோடு பேச்சுவார்த்தையே இல்லாமல் புழுத்துளை வழியே ஓடிவந்த நீர்.

செப்டம்பர் 3

இப்போது சீராக வடிகிறது. ஆனால் ஒன்று உறுத்துகிறது. உருளையின் அடியில் உள்ள டென்சியோமீட்டர் பூஜ்யம் காட்டுகிறது, அதாவது மண் முழுக்க நிறைந்திருக்கிறது. வெளியே, அதே ஆழத்தில், மண் 60 செ.மீ. உயர நீர்த்தம்பத்துக்குச் சமமான உறிஞ்சுவிசையோடு இருக்கிறது.

கொடியில் காயும் துணியைப் பார்த்தால் விளங்கும்: மேலே உலர்ந்த பிறகும் கீழ் ஓரம் ஈரம் சுமந்தே தொங்கும். வெளியே இருக்கும் மண்ணை அதற்கும் கீழே உள்ள மண் இழுத்துக்கொண்டே இருக்கிறது. எங்கள் உருளைக்குக் கீழே இருப்பது வெறும் காற்று. ஆகவே அடிமண் முழுக்க நிறைந்தால்தான் ஒரு சொட்டு விழும். வடிநீர் தாமதமாகிறது, அளவும் குறைகிறது. மிஞ்சிய ஈரத்தைப் புல் குடித்துவிட, ஆவியாதல் கணக்கு ஊதிப்போகிறது. எடை காட்டுவது என்னவோ துல்லியம்தான். உருளைக்குள் இருக்கும் மண்தான் வெளியே உள்ள மண்ணாக இல்லை.

செப்டம்பர் 19

அடியில் நுண்துளைப் பீங்கான் குழல்களைப் பொருத்தி வெற்றிடப் பம்புடன் இணைத்தோம். வெளியே உள்ள டென்சியோமீட்டர் என்ன காட்டுகிறதோ, அதே இழுவிசையைப் பம்ப் உள்ளேயும் தர வேண்டும். குழல்களில் காற்றுக் குமிழி புகுந்தால் எல்லாம் வீண் என்பதால் கொதிக்கவைத்து ஆறிய நீரையே நிரப்பினோம். மாலைக்குள் இரண்டு அளவீடுகளும் நெருங்கிவிட்டன.

செப்டம்பர் 20

ஜூலை முதல் எடுத்த வடிநீர் எண்களைத் தனி அட்டவணைக்கு மாற்றி, தலைப்பில் 'தடையற்ற வடிகால் (அடியில் இழுவிசை இல்லை)' என்று எழுதிவைத்தேன். புதிய எண்களோடு அவற்றைக் கூட்டிச் சராசரி காண யாரையும் விடப்போவதில்லை.