மடையைத் திறப்பது யார்? வென்டிலேட்டர் வைவாவுக்குப் படிப்பவர்களுக்கு

கிரிட்டிக்கல் கேர் டெக்னாலஜி மூன்றாம் வருஷம். வென்டிலேட்டர் மூச்சுக் கொடுக்கும் முறைகளான மோடுகளின் பெயர்களை எல்லாம் வரிசையாக மனப்பாடம் செய்துகொண்டு வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்குப் போனேன். வெளியிலிருந்து தேர்வெடுக்க வந்த எக்ஸ்டெர்னல் மேடம் கேட்டது ஒன்றுதான்: "பிரஷர் சப்போர்ட்ல மூச்சு எப்ப முடியும்? பயப்படாம சொல்லு கண்ணு." நோயாளி தானே இழுக்கும் மூச்சுக்கு மெஷின் அழுத்தம் தந்து உதவும் மோடு அது. செட் பண்ணிய நேரம் முடிந்ததும் என்றேன். தப்பு.

அந்த வாரம் கோபியில் எங்கள் வயலில் அப்பா தடப்பள்ளி வாய்க்கால் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். வரப்பில் நின்று பார்த்தபோதுதான் பிடிபட்டது. மடையைத் திறப்பது யார்? திறந்திருக்கும்போது எது மாறாமல் நிற்கிறது? எதை வைத்து அடைக்கிறோம்? எந்த மோடாக இருந்தாலும் இந்த மூன்றையும் கேளுங்கள்.

திறப்பது ட்ரிக்கர், அதாவது மூச்சைத் தொடங்கிவைப்பது. நோயாளி இழுத்தால் மெஷின் அதை உணர்ந்து மூச்சைக் கொடுக்கும். இழுக்காவிட்டால், நிமிடத்துக்கு இத்தனை மூச்சு என்று ரேட் வைத்த மோடில், நேரம் பார்த்து அதுவே கொடுக்கும். டியூபில் தண்ணீர் தேங்கி ஆடினால்கூட நோயாளி இழுத்ததாக நினைத்துக்கொள்ளும். அதனால் முதலில் டியூபைப் பாருங்கள்.

இரண்டாவது கேள்வியில்தான் அதிகம் மாட்டுவார்கள். வால்யூம் கண்ட்ரோலில் 400 மி.லி. வைத்தால் 400 போகும், பிரஷர் ஏறி இறங்கும். பிரஷர் கண்ட்ரோலில் அப்படியே தலைகீழ். சளி அடைத்தால் முன்னதில் பிரஷர் அலாரம் அடிக்கும். பின்னதில் பிரஷர் அப்படியே இருக்க, போகும் காற்று மட்டும் குறைந்துகொண்டே வரும். எனவே அங்கே வெளிமூச்சு அளவில் கண் இருக்கட்டும். ஏஆர்டிஎஸ் (நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டு ஆக்ஸிஜன் குறையும் நிலை) என்றால் ஒரு மூச்சுக்குக் கிலோவுக்கு 6 மி.லி.; எடையை உயரத்திலிருந்து கணக்கிடுங்கள், 165 செ.மீ. ஆணுக்குச் சுமார் 370 மி.லி. வரும்.

சரி, அடைப்பது. வயல் நிறைய நிறைய மடையில் வேகம் தானாகத் தணியும் இல்லையா? பிரஷர் சப்போர்ட்டும் அதுதான். காற்றோட்டம் உச்சத்திலிருந்து இறங்கி, வழக்கமாக 25 சதவீதத்துக்கு வந்ததும் மூச்சை நிறுத்தும்.

பிறகு ஐசியு போஸ்டிங்கில், பிரஷர் சப்போர்ட்டில் ஒரு சிஓபிடி (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்) தாத்தா. மூச்சு உள்ளே போய்க்கொண்டிருக்கும்போதே அவர் வயிறு இறுகி வெளியே தள்ளியது. திரையில் பிரஷர் கோட்டின் முடிவில் சின்னதாக ஒரு கொம்பு. காற்றுக்குழாய் சுருங்கியவருக்கு ஓட்டம் மெதுவாகத்தான் இறங்கும், 25 வரத் தாமதமாகும். சார் அதை 40 ஆக்கினார். நாலைந்து மூச்சில் கொம்பு மறைந்தது. தாத்தாவின் வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன், இளகியிருந்தது.